ரோட்டோரக் குழியும் ஃபைபர் ஜொயின்டும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் ரோட்டோரத்தில் ஒரு குழி மூடியைத் திறந்தால் போதும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்ப்பார்கள். இன்டர்நெட்டை ஒளியாகக் கொண்டுபோகிற ஃபைபர் கேபிளுக்கு ஜொயின்ட் போடுகிற வேலையில் இருக்கிற எனக்கு அவர்கள் கேட்கிற கேள்விகள் மனப்பாடம். ஆனால் கையில் மயிரிழைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது. "ஆமாங்க", "இல்லைங்க" என்று முனகிவிட்டுக் குனிந்துகொள்வேன். அப்படிப் பாக்கி வைத்த பதில்கள்தான் இவை.

தம்பி, இந்தக் குழிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

கொங்கிரீட் சுவர் வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். வெளியே உட்கார்ந்தபடி கையை விட்டு வேலை செய்யக்கூடிய சின்னக் குழியை ஹேண்ட்ஹோல் என்போம். ஆள் இறங்கி நிற்கிற அளவு இருந்தால் மேன்ஹோல். சுவர்களில் குழாய் வாய்கள் இருக்கும். அவற்றின் வழியே வருகிற கேபிள், சுவரோரம் வளையமாகச் சுற்றிக் கிடந்து, பிறகு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நுழையும். கவிழ்த்து வைத்த குடுவை போல இருக்கும் அந்த டப்பாவுக்குப் பெயர் குளோஷர். ஒரு கேபிளின் இழைகள் அடுத்த கேபிளின் இழைகளோடு ஒட்டியிருப்பது அதற்குள்ளேதான். குழி, மூடி, குழாய் எல்லாமே அந்த டப்பாவுக்குக் காவல்.

கேபிள் ட்ரம் ஒன்றில் பொதுவாக 2 முதல் 4 கிலோமீற்றர் நீளம்தான் சுற்றி வரும். ஆகவே சில கிலோமீற்றருக்கு ஒரு ஜொயின்ட் கட்டாயம். பெரிய பாதையிலிருந்து ஒரு தோட்டத்துக்கோ சின்ன டவுனுக்கோ பிரிகிற இடத்தில் இன்னொன்று வரும்.

உள்ளே ஓடுகிற கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி உண்மையில் ஓடுவது அதன் நடுவிலுள்ள சுமார் 9 மைக்ரோன் பாதையில். இரண்டு இழைகளின் பாதைகளையும் நேருக்கு நேர் நிறுத்தி உருக்கி ஒட்டுவதுதான் ஜொயின்ட். இவ்வளவு நுணுக்கமான பொருளை லொறி ஓடுகிற ரோட்டுக்கு ஓரமாகச் சேற்றுக் குழியில் வைக்கிறோம். யோசித்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

கம்பத்துல கட்டிட்டுப் போனா என்ன? ஏன் தோண்டுறீங்க?

கம்பத்திலும் கட்டுகிறோம். உங்கள் வீட்டுக்கு வருகிற கடைசித் துண்டு பெரும்பாலும் கம்பத்திலிருந்துதான் இறங்கும். பெரிய பாதை நெடுக ஓடுகிற தாய்க் கேபிளுக்குத்தான் மண் பாதுகாப்பு. மே தொடங்கினால் மேற்குச் சரிவில் காற்றும் மழையும் சேர்ந்து வரும். யூகலிப்டஸ் மரம் ஒன்று சாய்ந்தால் மின்சாரக் கம்பியோடு நம் கேபிளையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு தாய்க் கேபிளில் 96 இழை இருந்தால், ஒரு மரம் விழுந்ததற்கு 96 ஜொயின்ட் போட வேண்டும்.

மண்ணுக்கடியில் போட்டால் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். பாறை குறுக்கே வந்தால் செலவு எங்கேயோ போய்விடும். கம்பத்தில் அறுந்ததைக் கண்ணால் பார்த்துவிடலாம். மண்ணுக்குள் அறுந்ததைத் தேட வேண்டும். இருந்தாலும் இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், தாய்க் கேபிளுக்கு மண்தான் என்பேன்.

குழி நிறைய தண்ணி நிக்குதே, இன்டர்நெட் போயிடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. குழியில் தண்ணீர் நிற்காவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது.

பழைய செம்புக் கம்பி டெலிபோன் ஞாபகம் இருக்கிறதா? மழை பெய்தால் கரகரவென்று இரைச்சல் வரும், சில நாள் அடுத்த வீட்டுப் பேச்சும் கேட்கும். செம்பில் ஓடுவது மின்சாரம், ஈரம் பட்டால் கசியும். கண்ணாடிக்குள் ஓடுவது ஒளி. சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் அதற்குத் தெரியாது. கேபிளின் மேலுறை பொலித்தீன். உள்ளே பசையோ, தண்ணீர் பட்டதும் ஊதிக்கொண்டு வழியை அடைக்கிற நாடாவோ இருக்கும். நல்ல கேபிள் பல ஆண்டுகள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும்.

ஆனால் குளோஷருக்குள் தண்ணீர் போனால் கதை வேறு. அங்கே இழை சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறது. வளைந்தபடி இழுவிசையில் இருக்கிற கண்ணாடியை ஈரம் மெல்ல மெல்லத் தின்னும். கண்ணுக்குத் தெரியாத கீறல் நீளும். ஒரு நாள் காரணமே இல்லாமல் இழை முறியும். சேறு புகுந்தால் இழைகளை அடுக்கி வைத்த தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், உள்ளேயிருக்கிற இரும்பு ஆணிகள் துருப்பிடிக்கும். எங்கள் வேலையில் சட்டம் ஒன்றுதான்: குழிக்குள் தண்ணீர் வரலாம், டப்பாவுக்குள் வரக்கூடாது.

ஒரு ஆடி மாத இரவு. வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் நடுவில் ஒரு குழி. மூடியை அலவாங்கால் நெம்பித் தூக்கினோம். தண்ணீர் விளிம்பு வரை. வாளியால் இறைத்து குளோஷரை மேலே எடுத்தோம். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது, வளையப் பூட்டும் இறுக்கமாகவே இருந்தது. திறந்தால் அரை டம்ளர் தண்ணீர் உள்ளே. என்னோடு வந்த தம்பி ரப்பர் வளையத்தை டோர்ச் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு நகத்தால் எதையோ கிள்ளி எடுத்தான். சாக்கு நூல், ஒரே ஒரு இழை. முன்பு மூடினவர் கையில் கிடைத்த சாக்குத் துண்டால் ரப்பர் உட்காருகிற பள்ளத்தைத் துடைத்திருக்கிறார். நூல் ரப்பருக்குக் குறுக்கே கிடந்திருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்த நூல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுத்திருக்கிறது. "இதுக்காகவா அண்ணே இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றான். எட்டு இழை போயிருந்தது.

அன்றிலிருந்து மூடுவதற்கு முன் ரப்பர் வளையத்தையும் அது உட்காருகிற பள்ளத்தையும் வெறும் விரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பது என் பழக்கம். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது.

மூடியது சரியா என்று பார்க்க வழி இருக்கிறது. பல குளோஷர்களில் சைக்கிள் டியூபில் இருப்பது போல ஒரு வால்வு வரும். கைப்பம்பால் 5 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்று அளக்கிற அதே அழுத்த அளவு) காற்று ஏற்றி, ரப்பர் ஓரத்திலும் கேபிள் நுழைகிற வாயிலும் சவர்க்கார நுரையைப் பூசினால் கசிகிற இடத்தில் குமிழி விடும். ஒரு மீற்றர் தண்ணீருக்கடியில் இருக்கும் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐதான். ஐந்துக்குத் தாங்குவது குழிக்குள்ளும் தாங்கும். சோதனை முடிந்ததும் காற்றை இறக்கிவிட வேண்டும்.

இன்னொன்று: மலையில் பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் வித்தியாசம் அதிகம். ஆழமில்லாத குழியில் டப்பாவுக்குள் இருக்கிற காற்று பகலில் விரியும், இரவில் சுருங்கும். சின்ன ஓட்டை இருந்தாலும் டப்பா மூச்சு வாங்கும். இரவு மூச்சை இழுக்கும்போது காற்றோடு ஈரமும் உள்ளே போகும்.

தண்ணியே வராத மாதிரி குழிய கட்ட முடியாதா?

முழுதாகத் தடுக்க முடியாது, குறைக்கலாம். மலையில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் இருக்கின்றன.

வசதி சரிவு. கொழும்பில் சில இடங்களில் தோண்டினாலே ஊற்று. தண்ணீரை எங்கே அனுப்புவது? இங்கே குழியின் அடியிலிருந்து சின்னக் குழாய் ஒன்றைச் சரிவுப் பக்கம் விட்டால் தானாக வடிந்துவிடும். அடியில் சல்லி போட்டு, குழாய் வாயில் வலை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழையில் தேயிலைச் சருகும் செம்மண்ணும் அடைத்துக்கொள்ளும். வடிகிற தண்ணீரை நேராகச் சரிவு மண்ணுக்குள் விடக் கூடாது. கட்டிய கானுக்குத்தான் கொண்டுபோய் விட வேண்டும். நனைந்த மேட்டில் மேலும் தண்ணீர் ஊற்றுவது எதில் முடியும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொல்லையும் அதே சரிவுதான். மேல் குழிக்கும் கீழ்க் குழிக்கும் நடுவில் கேபிள் போகிற குழாய், அடைக்காமல் விட்டால், முழு நீளத்துக்கும் ஒரு பீலியாகிவிடும். மேலே ரோட்டில் வழிகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கிக் கீழ்க் குழியில் வந்து கொட்டும். றம்பொடைப் பக்கம் ஒரு குழியில் குழாய் வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலுக்கு, சோப்பு கொண்டுபோயிருந்தால் குளித்துவிட்டே வந்திருக்கலாம். தண்ணீரோடு மணலும் வரும். மணல் நிறைந்த குழாயில் பிறகு இன்னொரு கேபிளை இழுக்க முடியாது.

இதற்கு மருந்து ரப்பர் அடைப்பான். கேபிள் இருக்கிற குழாய்க்குப் பிளந்து மாட்டுகிற வகை, வெறும் குழாய்க்கு முழு அடைப்பு. விலை பெரிதில்லை, கேபிளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இருந்தும், அடைப்பானுக்குப் பதில் சீமெந்துப் பையைச் சுருட்டித் திணித்திருந்த குழிகளைத் தொடர்ச்சியாகத் திறந்து பார்த்திருக்கிறேன். யார் போட்டது என்று இங்கே எழுதப் போவதில்லை. போட்டவர் வாசித்தால் புரிந்துகொள்வார்.

ஏன் இத்தனை மீற்றர் கேபிளைச் சுத்தி வச்சிருக்கீங்க? வீண்தானே?

அது வீண் இல்லை, நாளைக்கான சேமிப்பு. ஒட்டுகிற வேலை குழிக்குள் நடப்பதில்லை. குளோஷரைக் கேபிளோடு மேலே எடுத்து, வான் வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ மேசையில் வைத்துத்தான் செய்கிறோம். அதற்கு ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 15 மீற்றர் உபரி வேண்டும். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் இழையில் கொஞ்சம் வெட்டுப்படும். உபரி இல்லாத குழியில் மழையில் நனைந்துகொண்டு, முட்டி போட்டு, மேன்ஹோல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு ஒட்டிய அனுபவம் ஒருமுறை போதும்.

சுற்றுவதிலும் கணக்கு உண்டு. கேபிளை இழுக்கும்போது அதன் தடிப்பைப் போல 20 மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக் கூடாது. சும்மா கிடக்கும்போது 10 மடங்கு. 15 மில்லிமீற்றர் தடித்த கேபிள் என்றால் இழுக்கையில் 30 சென்றிமீற்றர், கிடக்கையில் 15. சின்னக் குழி கட்டிவிட்டு அதற்குள் தடித்த கேபிளை அமுக்கித் திணித்தால் அன்றைக்கு இன்டர்நெட் வேலை செய்யும். பிற்பாடு ஏன் மெதுவாகிறது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள்.

கண்ணாடியை எப்படி ஒட்டுறீங்க? பசையா?

பசை இல்லை, நெருப்பு. கேபிளின் உறையை உரித்து, உள்குழாயை வெட்டி, பசையைத் துடைத்து, இழையின் பிளாஸ்டிக் பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் சுத்தம் செய்வோம். பிறகு ஒரு சின்னக் கருவியில் வைத்துக் கீறி ஒடிப்போம். முனை தட்டையாக வர வேண்டும், சாய்வு ஒரு பாகைக்குள் இருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் ஒட்டும் மெஷினில் வைத்தால் அது தானே நேராக்கி, மின்பொறியால் உருக்கிச் சேர்க்கும். ஒட்டிய இடத்தில் வெப்பத்தில் சுருங்குகிற உறை ஒன்றைப் போட்டு, தட்டில் வரிசையாகப் படுக்க வைப்போம்.

ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை டெசிபெல்லில் அளப்போம். நல்ல ஜொயின்டில் இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் கீழே. ஒப்பிட்டுப் பார்க்க: 1550 நானோமீற்றர் ஒளி ஒரு கிலோமீற்றர் ஓடினாலே சுமார் 0.2 டெசிபெல் இழக்கும். 15 கிலோமீற்றர் போனால்தான் பாதி வெளிச்சம் குறையும். 15 கிலோமீற்றர் தடிப்புள்ள ஜன்னல் கண்ணாடியைக் கற்பனை செய்து பாருங்கள், கண்ணாடி எவ்வளவு சுத்தம் என்பது புரியும். 1966 இல் சார்ள்ஸ் காவ் என்ற சீனர், கண்ணாடியிலுள்ள அழுக்கை நீக்கினால் ஒளியைத் தூரம் அனுப்பலாம் என்று எழுதினார். 2009 இல் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஒடிந்த துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில்தான் போட வேண்டும். கீழே போட்டால் காலில் ஏறும். ஏறினால் கண்ணுக்கும் தெரியாது. சாப்பாட்டுப் பார்சலை அந்த மேசையில் பிரிக்கவே கூடாது.

மூடுபனியில வேலை செய்ய முடியுமா?

முடியும், ஆனால் மெஷினுக்குப் பிடிக்காது. ஈரம் மின்முனையில் படிந்தால் பொறி அலையும். கூடாரத்தை முழுக்க மூடி, மெஷினைக் கொஞ்ச நேரம் சூடாக விட்டு ஆரம்பிக்க வேண்டும்.

பனியை விடப் பலரும் மறக்கிறது உயரத்தை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்தால் மின்பொறியின் சூடும் மாறும். காலையில் கொழும்பில் கச்சிதமாக ஒட்டிய மெஷினை மத்தியானம் நானுஓயாவில் எடுத்து அப்படியே ஒட்டினால் ஜொயின்ட் ஊதும், அல்லது மெலியும். இடம் மாறியதும் பொறியைச் சரிபார்க்கிற சோதனை ஒன்று மெஷினிலேயே இருக்கிறது. சில நிமிட வேலை. கீழேயிருந்து வருகிற கோஷ்டிகள் "அதெல்லாம் ஓட்டோமெட்டிக்" என்று சொல்லிவிட்டு, மூன்று தரம் வெட்டி ஒட்டியபின் மெனுவைத் தேடுவதைப் பார்த்து ரசித்திருக்கிறேன்.

ரவுட்டர்ல சிவப்பு லைட் எரியுது. குழியிலதான் கோளாறா?

இருக்கலாம், ஆனால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள். சிவப்பு லைட் என்றால் ஒளி வந்து சேரவில்லை, அல்லது போதாது என்று அர்த்தம். அலுமாரிக்குப் பின்னால் நசுங்கிய மெல்லிய வயர், பிள்ளைகள் பிடுங்கிய பிளக், அயன் வயரோடு சேர்த்துக் கட்டிய முடிச்சு. நான் போன வீடுகளில் பாதிக் கோளாறு இவைதான். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் போயிருந்தால் கம்பத்திலோ குழியிலோ தேடலாம். பிளக்கைக் கழற்றி முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று ஆகாது.

இத்தனை குழியில எந்தக் குழியில கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

ஓடிடிஆர் என்று ஒரு கருவி. இழைக்குள் ஒரு ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியை அளக்கும். கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். ஒரு கிலோமீற்றர் போய்வர 10 மைக்ரோ வினாடி. எந்த நேரத்தில் எதிரொலி மாறுகிறதோ அதை வைத்துத் தூரம் சொல்லும்.

ஒரே இழையை இரண்டு அலைநீளத்தில் அளப்பது என் வழக்கம். 1310 நானோமீற்றரில் லேசாகவும் 1550 இல் பலமாகவும் இழப்புக் காட்டினால் எங்கேயோ வளைந்திருக்கிறது, நசுங்கியிருக்கிறது. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் ஜொயின்ட் மோசம். குழியைத் திறக்கும் முன்பே எதைத் தேடுவது என்று தெரிந்துவிடும்.

சிக்கல் வருவது தூரத்தில்தான். கருவி "6,340 மீற்றர்" என்று சொல்லும். அது இழையின் நீளம். இழை கேபிளுக்குள் முறுக்கிக்கொண்டு ஓடுவதால் கேபிளை விடக் கொஞ்சம் நீளம். கேபிளோ ஒவ்வொரு குழியிலும் சுற்றிக் கிடக்கிறது. பத்துக் குழியில் தலா 20 மீற்றர் சுற்றியிருந்தால் 200 மீற்றர் கணக்கில் வராது. மோட்டார் சைக்கிள் மீற்றரை நம்பிப் போனால் கொண்டை ஊசி வளைவில் அடுத்த வளைவுக்கே போய்விடுவீர்கள். அதனால்தான் ஒவ்வொரு குழியிலும் எத்தனை மீற்றர் சுருள், கேபிள் உறையில் அச்சடித்த மீற்றர் எண் எது என்று எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்த குழியில் கோளாறு ஒரு மணி நேர வேலை. எழுதாத குழிகள் உள்ள பாதையில் விடிந்துவிடும். தாளில் எழுதிக் குழிக்குள் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கூழாகிவிடும். பிளாஸ்டிக் அட்டையில் பொறித்துக் கேபிளிலேயே கட்டுங்கள்.

மண்சரிவு வந்தா குழி தாங்குமா?

தாங்காது. மலையே நகரும்போது குழி என்ன செய்யும்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எத்தனை இடத்தில் பாதையே காணாமல் போனது என்று கண்ணால் பார்த்தோம். பாதை போனால் அதன் ஓரத்திலிருந்த குழாயும் கேபிளும் சேர்ந்துதான் போகும்.

செய்யக்கூடியது இரண்டாவது வழி வைப்பது. ஒரு டவுனுக்கு ஒரு பக்கத்திலிருந்து ஒரு கேபிளும் மறுபக்கத்திலிருந்து இன்னொன்றும் வந்தால், ஒன்று அறுந்தாலும் மற்றதில் ஓடும். நுவரெலியாவுக்கு ஹட்டன் வழியாக ஏ7, றம்பொடை வழியாக ஏ5 என்று இரண்டு பாதை இருப்பது அந்த வகையில் அதிர்ஷ்டம். உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களுக்குப் பல இடத்தில் ஒரே பாதை, ஒரே பாலம். இரண்டு கேபிளையும் அதே பாலத்தில் கட்டிவிட்டு வரைபடத்தில் வளையம் வரைவதில் பிரயோசனம் இல்லை. ஆறு பாலத்தை எடுத்த நாளில் இரண்டும் போகும்.

உடனடித் திருத்தத்துக்குக் குழி தோண்ட மாட்டோம். சரிவுக்கு இரண்டு பக்கமும் பிழைத்திருக்கிற குழிகளைக் கண்டுபிடித்து, நடுவில் தற்காலிகக் கேபிளை மரத்திலும் கம்பத்திலும் கட்டி ஒட்டிவிடுவோம். முறையான வேலை மண் இறுகிய பிறகுதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை இருக்கிற இடத்துக்கு, யார் போன் போட்டுத் திட்டினாலும், போகக் கூடாது. லைன் இரண்டு நாள் கழித்து வரட்டும்.

மூடி உடைஞ்சு கிடக்கு. மேல கார்பட் போட்டுட்டாங்க. கடைக்கு முன்னால இருக்கு, மேல சாமான் வைக்கலாமா?

மூடிகளுக்குத் தாங்குதிறன் வகுப்பு உண்டு. நடைபாதைக்கு பி125, வாகனம் ஓடுகிற இடத்துக்கு டி400. எண் கிலோநியூட்டனைக் குறிக்கும். 400 என்றால் சுமார் 40 தொன். நடைபாதை மூடியை ரோட்டில் போட்டால் சரளைக்கல் லொறி ஒன்று போதும். உடைந்த மூடியைக் கண்டால் கிளையை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு, மூடியில் பெயர் உள்ள நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். நடு ரோட்டில் என்றால் பொலிஸுக்கும், 119. இரவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டியூஷன் விட்டு வருகிற வழி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

ரோட்டுக்குத் தார் கார்பட் போடும்போது மூடியை உயர்த்தாமல் மேலேயே உருட்டிவிட்டுப் போவது பழைய நோய். பிறகு குழியைத் தேடி உலோகம் காட்டும் கருவியோடு நாங்கள் ரோட்டில் நடந்துகொண்டிருப்போம். கடைக்காரர்களே, மூடிக்கு மேல் மரக்கறிப் பெட்டி வைக்கிறீர்கள், பரவாயில்லை, நகர்த்தலாம். சீமெந்து பூசிப் படி கட்டிவிடாதீர்கள்.

உள்ள செம்பு இருக்குமாமே?

இல்லை. கண்ணாடி, பிளாஸ்டிக், பலத்துக்குக் கொஞ்சம் இரும்பு. விற்றால் ஒரு பிளேன்டீக்குக் கூடத் தேறாது. வெட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போட்டுவிட்டுப் போன கேபிளை ஒட்டுவதற்கு எங்களுக்கு ஒரு நாள் ஆகும்.

குழிக்குள்ள பாம்பு இருக்குமா?

தவளை நிறைய. அதைத் தேடிச் சில நேரம் பாம்பு. எலி கேபிளைக் கடிக்கும், அதனால்தான் உருக்குத் தகடு சுற்றிய வகையைப் போடுகிறோம். எனக்குப் பயம் குளவிதான். மூடியின் அடிப்பக்கத்தில் கூடு இருந்தால், நெம்பின கையோடு ஓட வேண்டியதுதான்.

விழுந்த சாமானை எடுக்க உள்ள இறங்கலாமா?

இறங்காதீர்கள். இதை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். மூடிய மேன்ஹோலில் சருகும் சேறும் அழுகி ஒக்சிசனைத் தின்றுவிடும். நச்சு வாயுவும் தங்கியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வாசனை இருக்காது. வெளிக்காற்றில் ஒக்சிசன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் நாங்களே இறங்க மாட்டோம். கருவியைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்தில் அளந்து, ஊதுகுழாயால் காற்று விட்டு, மேலே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவோம். ஜெனரேட்டரைக் குழி வாய்க்குப் பக்கத்தில் ஓட விட்டால் புகை நேரே உள்ளே இறங்கும். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். இரண்டாவதாகக் குதித்தவரும் மேலே வராமல் போகும் விபத்து இதுதான்.

மகனுக்கு இந்த வேலை கிடைக்குமா? என்ன படிக்கணும்?

கை நடுங்காமல் இருந்தால், பொறுமை இருந்தால், கிடைக்கும். சாதாரண தரம் முடித்து, ஒரு கோஷ்டியோடு உதவியாளாகச் சேர்ந்து கேபிள் இழுப்பதில் தொடங்கியவர்கள்தான் எங்களில் அதிகம். மழைச் சட்டையும் அட்டைக்கடிக்கு உப்பும் அவன் செலவு.

ஆனால் சேர்க்கும் முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: நிறம். 12 இழைக்கு 12 நிறம், வரிசை பல நாடுகளில் ஒன்றுதான். நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர்நீலம். ஐந்தாவதை ஆறாவதோடு மாற்றி ஒட்டினால், ஒரு ஊரின் லைன் இன்னொரு ஊருக்குப் போகும். பட்டப்பகலில் எல்லோருக்கும் தெரியும். பையனைச் சாயந்தரம் ஆறரைக்குப் பிறகு, மஞ்சள் டோர்ச் வெளிச்சத்தில், சாம்பலையும் வெள்ளையையும் பிரிக்கச் சொல்லுங்கள்.